ராசியான நம்பர்

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நொடிக்கு ஒரு வரி. சர்வரிலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. அதுதான் தொல்லை. நின்று தொலைத்தாலாவது எங்கே நிற்கிறது என்று தேடலாம்.

மணி பத்து இருபது. இன்னும் நிற்கவில்லை. நிற்காமல் இருக்கப்போவதும் இல்லை.

ஈரோட்டில் அந்தப் பார்சல் ஆபீசில் ஒரு வாரமாக இதே கூத்து. தினம் ஒரு தடவை, கால் மணி நேரத்துக்கு, இணைப்பு அறுந்துபோகும். கவுன்டரில் பரிமளம் "போச்சு" என்பாள். புக்கிங் நின்றுவிடும். மூட்டையோடு வரிசையில் நிற்பவர்கள் அவளை முறைப்பார்கள். பிறகு யாரும் எதையும் தொடாமலே சரியாகிவிடும்.

ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள வரும் இவள் ஒயரை மாற்றினாள். சுவிட்சை மாற்றினாள். சர்வரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். ம்ஹூம்.

"இன்னைக்கும் நின்னுச்சுன்னா நாளைக்கு நீங்க வரவேண்டாமுங்க அம்மிணி. கோயமுத்தூர்ல இருந்து வேற ஆள் வர்றாங்க."

முதலாளி அர்த்தநாரி காலையிலேயே சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆரம்பித்தவள். கிடைத்த முதல் ஆபீஸ் இது. இன்றுவரை ஒரே ஆபீஸும் இதுதான்.

எழுந்தாள். உட்கார்ந்தாள். நகத்தைக் கடித்தாள். இணைப்பு நின்ற நேரங்களைக் குறித்த நோட்டைப் பிரித்தாள்.

வெள்ளி, பன்னிரண்டு இருபது. சனி, பத்து ஐம்பது. திங்கள், ஒன்பது முப்பத்தைந்து. செவ்வாய், பத்து முப்பத்தைந்து. நேற்று, ஒன்பது இருபது.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தண்ணீர் குடிக்கக் கவுன்டர் பக்கம் போனாள். தண்ணீர்க் கேனுக்கு மேலே தினசரிக் காலண்டர். டம்ளரை வாயில் வைத்தபடி சும்மா பார்த்தாள்.

வியாழன். நல்ல நேரம் 10.45 – 11.45.

டம்ளரைக் கீழே வைத்தாள்.

கிழித்த தாள்களைப் பரிமளம் வீணாக்கமாட்டாள். பின்பக்கம் எடை குறிக்கக் கம்பியில் குத்தி வைத்திருப்பாள். ஒவ்வொன்றாக உருவினாள். புதன், 9.15. செவ்வாய், 10.30. திங்கள், 9.30. நோட்டில் குறித்ததற்கெல்லாம் சரியாக ஐந்து நிமிடம் முன்பு.

"பரிமளம், நல்ல நேரத்துல இங்க யாரு என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க, ஐயா சாமி கும்புடுவாரு. அந்தப் பழைய கம்ப்யூட்டரையும் போட்டு விட்டுத்தான் சூடம் காட்டுவாரு. அணைஞ்சு கெடக்கறதுக்குக் காட்டப்படாதாமா."

பூஜை அறைக்கு அவள் நடக்கவில்லை, ஓடினாள்.

முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில் அது இருந்தது. ஆபீசின் முதல் கம்ப்யூட்டர். நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்து இருந்திருந்தால் மாலையும் விழுந்திருக்கும். இல்லாததால் தலையில் செவ்வந்திச் சரம்.

முதுகிலிருந்து ஒரு நீல ஒயர் சுவருக்குள் போயிற்று.

போன வியாழன் புது சர்வர் வந்தபோது முதலாளி சொன்னது ஞாபகம் வந்தது. "பழைய மெஷின் நம்பரையே இதுக்கும் போடுங்க அம்மிணி. கூட்டுனா ஆறு. ராசியான நம்பர். பழசுக்கு ஓய்வு குடுத்தாச்சு."

போட்டாள். ஓய்வு என்றால் என்ன ஓய்வு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நெட்வொர்க்கில் அந்த நம்பர்தான் மெஷினின் முகவரி; ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. இது கண்ணைத் திறக்கும்போதெல்லாம் கவுன்டர் கம்ப்யூட்டர்கள் எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் திண்டாடியிருக்கின்றன.

வெளியே குழாயில் கால் கழுவும் சத்தம்.

யோசிக்க நேரமில்லை. நீல ஒயரை மெஷினிலிருந்து பிடுங்கினாள். சுவரிலிருந்தும் பிடுங்கினாள். சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தாள். கைகூப்பி ஓரமாக நின்றாள்.

அர்த்தநாரி வந்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பட்டனை அழுத்தினார். பழைய மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. சூடம் ஏற்றினார்.

அவள் சாமியைப் பார்க்கவில்லை. காதை முழுக்கக் கவுன்டர் பக்கம் வைத்திருந்தாள்.

இந்நேரம் போச்சு என்ற சத்தம் வந்திருக்கவேண்டும்.

வரவில்லை.

சூடம் எரிந்து முடிந்தது. வரவில்லை.

மணி பதினொன்று. மெஷினை அணைத்துவிட்டு அவர் போனார். கவுன்டரில் பரிமளம் யாருடைய மூட்டைக்கோ சிரித்துக்கொண்டே ரசீது போட்டுக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்து நின்றவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். கண்டுபிடித்துவிட்டாள். இனி யாரும் அவளைப் போகச் சொல்ல முடியாது.

எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று நாலு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு அவர் மேஜை முன்னால் போய் நின்றாள்.

அவர் முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா அம்மிணி? இன்னைக்கு ரெண்டு சூடம் சேத்திப் பத்த வெச்சேன். ஒரு நிமிசமாச்சும் நின்னுச்சா?"

நீல ஒயரை எடுத்துக் காட்டக் கைப்பையைத் திறந்தாள்.

"சாமியே பாத்துக்கிட்டாரு. கோயமுத்தூர்க்காரங்களையும் வரவேண்டாம்னுட்டேன். நீங்களும் இனி எதுக்குங்க, சும்மா வந்து அலைஞ்சுக்கிட்டு."

முகம் நிறையச் சிரிப்பு. வஞ்சமே இல்லாத சிரிப்பு. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திறந்த கைப்பையை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் குடிப்பதுபோல் காலண்டர் பக்கம் போனாள். இன்றைய தாளைத் தூக்கி நாளைய தாளைப் பார்த்தாள். வெள்ளி. 12.15.

திரும்பி வந்தாள்.

"கடைசியா ஒருக்கா சாமி கும்புட்டுட்டுப் போறனுங்க."

"தாராளமாப் போங்க அம்மிணி. செருப்ப மட்டும் கழட்டி வெச்சுருங்க."

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள்.

கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.