இரண்டாவது சாக்ஸ்

"சாக்ஸுல இடது, வலதுன்னு உண்டாங்க?" என்று சாக்ஸ் பின்ன நூல் வாங்கி வந்த அன்று இந்திராணி கேட்டாள்.

"கிடையாது. நீ முதல்ல ஒண்ணை முடி, பார்ப்போம்" என்று கணவர் குலசேகரன் சிரித்தார். அவர் வலது காலின் சர்க்கரைப் புண்ணைப் பார்த்த டாக்டர், பாதத்தை எடுத்தால்தான் உயிருக்கு நல்லது என்று சொல்லியிருந்தார். அந்தப் பேச்சே வீட்டில் கூடாது என்று அவர் முடித்துவிட்டார். அவளும் வாயை மூடிக்கொண்டு பின்னல் ஊசியை எடுத்தாள்.

குதிகால் வளைவில் கண்ணிகள் நழுவி, முதல் சாக்ஸை நாலு முறை பிரித்துப் பின்னினாள். அளவு பார்க்கக் கேட்டபோதெல்லாம் அவர் இடது காலையே நீட்டினார். புண்ணுக்கு மருந்து வைக்கும்போது கதவைத் தாழிட்டுக்கொண்டார். பகலிலும் அறையில் ஊதுபத்தி புகைந்தது.

இன்று மதியம் அவர் கண்ணயர்ந்திருந்தார். பாதி முடிந்திருந்த இரண்டாவது சாக்ஸை அளக்க, இந்திராணி போர்வையை விலக்கினாள். வலது கால் விரல்களில் தொடங்கிய கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. சாக்ஸைப் பக்கத்தில் பிடித்தாள். மேலிருந்து அவள் பின்னி இறங்கிய இடமும் கீழிருந்து கறுப்பு ஏறிவந்த இடமும் ஒன்றாக இருந்தன.

அவர் விழித்துக் காலை இழுக்கப் பார்த்தார். அவள் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுங்க. இந்தக் கால் போகட்டும். எனக்கு நீங்க வேணும்."