காணாமல் போன ஃபைல்

கம்ப்யூட்டர் திரையில் நாற்பது சதவீதத்தில் நின்ற நீலக்கோடு நகரவே இல்லை. கதிரேசனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என்னாச்சுங்க?" என்றாள் பின்னால் நின்ற மகேஸ்வரி. "வெப்சைட் வேலைதான் பாக்கறேன்னு சொன்னீங்க. இந்த டாட்நெட் ஃபிரேம்வொர்க்ங்கற சாஃப்ட்வேரைப் போட இத்தன நேரமுங்களா?"

"செத்த நேரம் பொறுங்க."

திண்டுக்கல்லிலிருந்து ஆயக்குடிக்குப் பஸ் ஏறி வந்திருக்கிறான். இதற்கு முன் மூன்று இடங்களில் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

சி.டி.யைத் துடைத்து மறுபடி போட்டான். கோடு மறுபடியும் நாற்பதிலேயே நின்றது; ஒரு ஃபைல் இல்லை என்று திரையில் எழுத்து வந்தது.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க" என்றாள் அவள். "ஒருத்தர் எங்க கம்ப்யூட்டரே ஓட்டைன்னார். இன்னொருத்தர் போட்டாச்சுன்னு சொல்லிட்டு மானிட்டரை அணைச்சுட்டார். நீங்க என்ன சொல்றீங்க?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"சி.டி.யில ஏதோ ஒரு ஃபைலைக் காணோம். எப்படிச் சரி பண்றதுன்னு எனக்குத் தெரியலைங்க. தெரிஞ்சவங்களக் கேட்டுத்தான் போடணும்."

"போதும், எந்திரிங்க."

போச்சு என்று எழுந்தான். அவள் கதவைத் திறந்தாள். கூடத்தில் பூவும் பழமுமாக உட்கார்ந்திருந்த இரண்டு வீட்டாரும் ஏறிட்டுப் பார்த்தார்கள்.

"அப்பா, மாப்பிள்ளையை எனக்குப் புடிச்சிருக்குங்க."

பிறகு அவன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஃபைலை எடுத்து வெச்சிருக்கிறது நாந்தானுங்க. கல்யாணத்துக்கப்புறம் தர்றேன்."