மூன்றாவது முகவரி

"ஒரு பேரைத் தட்டினா எப்பிடி மாமி மூண்டு கொம்பியூட்டர் பதில் சொல்லும்?" என்று யசோதினியிடம் அவளுடைய மருமகள் ஒருமுறை கேட்டாள்.

"முறை வச்சுச் சொல்லும், மகள். ஒராளுக்கு ஒண்டு, அடுத்த ஆளுக்கு மற்றது."

போர் முடிந்த மாதம் அது. காணாமல்போனவர்களைத் தேடும் இணையத்தளத்தை நாவற்குடாவிலிருந்து நடத்தியவள் யசோதினி. தேடிவந்த கூட்டத்தை தளத்துக்கு முன்நின்று பக்கங்களைக் கொடுத்த இரண்டு புரொக்சி சேர்வர்கள் தாங்கவில்லை. பக்கம் திறக்காமல் தாய்மார் தவித்தார்கள். தளப் பெயரைக் கணினி முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸில் அதே பெயருக்கு அவள் மூன்றாவது சேர்வரின் முகவரியையும் சேர்த்த பிறகுதான் தளம் தடையின்றித் திறந்தது.

"கெட்டிக்காரி!" என்றார் பொறுப்பாளர் வினாயகமூர்த்தி. "மூண்டாவது சேர்வர் கொழும்பிலயா, பிள்ள?"

"ஓட்டமாவடியில, ஐயா. நிஸ்தார் நானாட நெற் கடையில."

"அந்தச் சோம்பேறியா? லைன் பழுதெண்டு கடையைப் பூட்டிப்போட்டுக் கிடக்கிறார்!"

"பழுதில்ல, ஐயா. கடைக்குச் சனம் வந்தா லைன் நமக்குப் பத்தாதெண்டு பூட்டியிருக்கிறார். வெளிய சொல்ல வேணாமெண்டவர்."

"அவர்ர ஆக்கள் ஒருத்தரும் காணாமப் போகலயே. அவருக்கு ஏன் இந்தக் கரைச்சல்?"

"சுனாமியண்டு அவர்ர மனிசியையும் பிள்ளையையும் வாகரைப் பக்கத்துத் தமிழ் மீன்காரர் ஒருத்தர்தான் தோணியில தூக்கிப் போட்டவராம். பேர் கேக்க முதல் அடுத்த ஆளைத் தூக்கப் போயிட்டாராம். பிறகு அவரைக் காணவே இல்லயாம். 'அவர்ர சனம் தேடுற பக்கமாவது திறக்கட்டும்' எண்டார்."



அதே நேரம் பூட்டிய கடைக்குள், வியர்வையில் நனைந்திருந்த நிஸ்தார், தனக்குக் காற்றுத் தந்த ஒரே மின்விசிறியைச் சேர்வரின் பக்கம் திருப்பி வைத்தார்.