பேசுகிற வேகம்

"யாருப்பா பேசறது?" அம்மா போனில் வேண்டுமென்றே கேட்டாள்.

"உன் பிள்ளைதாம்மா. வயசு இருபத்தாறு. இப்ப ஆத்தோரமா இருக்கேன்."

வெளிநாடு போனதிலிருந்து மாதம் ஒருமுறை கூப்பிடவே மூக்கால் அழுதவன், இப்போது தினமும் காலையில் அரைமணி நேரம் பேசுகிறான். அம்மாவுக்குப் பூரிப்புதான், கூடவே சந்தேகமும்.

"உண்மையைச் சொல்லு. வேலை போயிடுச்சா? இல்ல, எவளையாவது கூட்டிக்கிட்டு ஓடப்போறியா?"

"ஓடிக்கிட்டுத்தாம்மா இருக்கேன். தனியா."

"என்னடா உளர்ற?"

"மாரத்தான் பயிற்சிக்கு முன்னாடி கொஞ்ச மாசம் மெதுவா ஓடி உடம்பைப் பழக்கணும். பேசிக்கிட்டே ஓட முடிஞ்சா வேகம் சரின்னு அர்த்தம். அதான் உன்னைக் கூப்பிடறேன்."

"அடப்பாவி."

"அடுத்த வாரத்துலேருந்து நிஜப் பயிற்சி. வேகமா ஓடணும். பேச மூச்சு இருக்காது."



"மெதுவாவே ஓடேன்டா," என்றாள் அம்மா.