சுண்டுவிரலுக்கு ஒரு கிட்டார்

கடைப் பெண் ஒரு கம்பியைச் சுண்டினாள். நூலகரின் மேல்வரிசைப் பல்செட் கழன்று தனியாக ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"எப்படி இருக்கு அங்கிள்?"

தலைமேல் தண்டவாளத்தைப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. உத்தியோகக் காலம் முழுக்க 'உஷ்' என்ற ஒரே சொல்லைச் சொல்லிச் சம்பளம் வாங்கிய வாய் அது. அவர் இருந்த நூலகத்தில் ஈ கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பறக்கும். இருமல் வந்தவர்கள் தெருமுனை வரை போய் இருமிவிட்டு வருவார்கள்.

ஓய்வு பெற்றபின் அவர் உலகத்திடம் கேட்டது அதிகமில்லை. ஒரு சாய்வு நாற்காலி, சத்தமில்லாத ஒரு வீடு, 'எழுந்திருங்க' என்று சொல்லாத ஒரு மனைவி.

மூன்றுக்கும் சேர்த்து இன்று உலை வைத்துவிட்டாள் அந்த மனைவி.

"ஒரு நல்ல எலெக்ட்ரிக் கிட்டாரா பாத்து வாங்கிட்டு வந்துடலாம், கிளம்புங்க" என்று காலையில் சொன்னாள், துடைப்பம் வாங்கக் கிளம்புகிற குரலில்.

யாருக்கு, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டுப் பதில் கிடைத்ததாக அந்த வீட்டு வரலாற்றில் குறிப்பே கிடையாது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஆகவே வாசிக்கப் போவது இவள்தான். பாத்திரம் தேய்க்கும்போதே பக்கத்துத் தெரு நாய்கள் ஊளையிடும்படி பாடுகிறவள், இனி மின்சாரத்தையும் துணைக்கு அழைத்துக்கொள்வாள்.

காலையிலிருந்து ஏறி இறங்கிய கடைகளை அடுக்கினால் ஒரு சிற்றூரே தேறும். எல்லாக் கடையிலும் அதே கூத்துதான்.

எந்த மரம், எந்தக் கம்பி என்று கடைக்காரர்கள் தொண்டை வறளப் பேசுவார்கள். அவளுக்கு அது எதுவுமே காதில் ஏறாது. கிட்டாரை மடியில் வாங்குவாள். கழுத்துப் பகுதியில் ஓடும் கம்பிமேல் இடது கைச் சுண்டுவிரலை மட்டும் வைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, தூங்கும் குழந்தையின் இமையைத் தொடுவதுபோல் அழுத்துவாள். அப்புறம் உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

"ஆன்ட்டி, பாக்கி விரலெல்லாம் எதுக்கு இருக்கு?" என்று சிரித்தாள் இந்தக் கடைப் பெண்.

"அதெல்லாம் தடிப்பசங்கம்மா. இந்தச் சவலைக்கு அழுந்துதா, அதச் சொல்லு."

இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினார் நூலகர். தன்னால் ஆன குழிகளையெல்லாம் பறித்துப் பார்த்தார். இதில் கீறல் இருக்கிறதே என்றார். அது மரத்தின் ரேகை. ஷாக் அடிக்காதா என்றார். டிரம் தட்டிக்கொண்டிருந்தவரும் கல்லாவில் இருந்தவரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். விலைச் சீட்டைத் திருப்பினார். கெட்ட வார்த்தை எழுதிய பக்கத்தை மூடுவதுபோல் உடனே கவிழ்த்தார். வீட்டில் வைக்க இடமில்லையே என்றார்.

"உங்க நாற்காலியத் தூக்கிட்டா நாலு கிட்டார் வைக்கலாம்."

வெள்ளத்தில் போகிற கட்டை எந்தக் கரை என்று கேட்குமா?

கடைப் பெண் உள்ளே போய் நீல நிறத்தில் ஒன்றைத் தூக்கி வந்தாள். இருப்பதிலேயே மெல்லிய கம்பிகள், கழுத்தோடு ஒட்டினாற்போல் இறக்கிக் கட்டியவை. மனைவி சுண்டுவிரலை வைத்தாள். கண்ணை மூடினாள். முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

போயிற்று மத்தியானத் தூக்கம் என்று நூலகரும் கண்ணை மூடினார்.

திறந்தபோது தோளில் ஏதோ கனத்தது. கிட்டாரின் வார்.

"என்னடி இது?"

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "பெல்ட்டக் கொஞ்சம் தளர்த்தி விடும்மா. இவரு உசரம்."

கழற்றி எறிந்துவிடலாம் என்றால் முடியவில்லை. வாரைத் தூக்கினால் கிட்டார் சரிகிறது. கிட்டாரைப் பிடித்தால் வார் கழுத்துக்கு வருகிறது. இரண்டு கை வேண்டிய வேலை. அவருடைய இடது கையோ, பக்கவாதம் வந்துபோன நாளிலிருந்து கால்சட்டைப் பைக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. பிசைந்து பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை எதிர்வீட்டு நாய்க்குத் தானம் பண்ணிவிட்டார். கையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் 'உஷ்'தான்.

மனைவி அந்தக் கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள், கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கூட்டி வருவதுபோல். கடைப் பெண் சிரிப்பை நிறுத்தினாள். ஒலிபெருக்கியில் சத்தத்தைக் குறைக்கப் போனாள்.

"குறைக்காதம்மா" என்றாள் மனைவி.

சுருண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சுண்டுவிரலைக் கம்பிமேல் வைத்தாள்.

அழுத்தினார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் வரவழைத்து அழுத்தினார். நெற்றி நரம்பு புடைத்தது. விரல் கம்பிமேல் சும்மா படுத்துக் கிடந்தது. கடைப் பெண் மெதுவாகச் சுண்டினாள். கம்பி 'தொப்' என்றது.

இன்னொரு முறை. 'தொப்.'

ஒரு சத்தம் வரட்டும் என்று அவர் ஆயுளில் முதல்முறையாக வேண்டிக்கொண்டார்.

வரவில்லை.

"வாசிக்கவா வந்தோம், வாங்கத்தானே வந்தோம்" என்றாள் மனைவி, கடைப் பெண்ணிடம். "இதையே பேக் பண்ணிடும்மா."