காலும் களவுமாக

தோட்டத்து வாசலில் மனிதர்களை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: உள்ளே போய் வேண்டிய மட்டும் தின்னலாம், திரும்பி வரும்போது ஏறியிருக்கும் எடைக்கு மட்டும் காசு. அதற்குக் கீழே, பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சேர்த்த இரண்டு வரிகள். காலையில் பாக்கெட்டில் கல் போட்டுக்கொண்டு வரக் கூடாது. மாலையில் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

பள்ளத்தாக்கு முழுக்க பிளம்ஸும் பேரிக்காயும் காய்த்துத் தொங்கும் ஊர் அது. விடுமுறைக்கு வந்தவர்கள் பழக்கூடை நிறுக்கும் மேடைத் தராசில் ஒவ்வொருவராக ஏறி, சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் வயிற்றைத் தடவிக்கொண்டே அதே தராசில் ஏறுவார்கள்.

இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற நிலைமை உலகத்தில் வேறு யாருக்கு வந்திருந்தாலும் பரவாயில்லை. தராசு இன்ஸ்பெக்டருக்கு வந்திருந்தது.

இருபத்தாறு வருட சர்வீஸ். கடை கடையாக ஏறி, எடைக்கல்லைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. சொந்த மச்சானின் மளிகைக் கடைத் தராசையே பறிமுதல் செய்த மனுஷன். அன்றிலிருந்து இன்றுவரை மாமியார் வீட்டில் அவர் கை நனைத்ததில்லை.

அதனால்தான் பஸ் ஏறும்போதே மனைவி அவரிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

“மூணு நாளைக்கு எந்தத் தராசையும் உத்துப் பாக்கக் கூடாது. பாத்தீங்க, அடுத்த பஸ்ஸுல நான் ஊருக்குக் கிளம்பிருவேன்.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஐந்து மாதத்தில் அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பசிதான் திரும்பி வரவில்லை. வாராவாரம் எடைச் சீட்டில் ஒரு எண் குறையும். அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள், உடம்பு தேறுகிறது என்று அவர்களுக்கே நம்பிக்கை வர வேண்டும் என்றார் டாக்டர். நம்பிக்கை எந்தக் கடையில் கிடைக்கும், கிலோ என்ன விலை என்று அவர் சொல்லவில்லை.

இன்று காலையில் அவள் தராசில் ஏறியபோது முள் நாற்பத்தொன்றில் நின்றது. போன வாரம் நாற்பத்திரண்டு.

சத்தியத்தை மீறி இன்ஸ்பெக்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். தராசு மிகச் சரியாக இருந்தது. அதுதான் கொடுமை.

பகல் முழுக்க அவள் தின்றது ஒரு பிளம்ஸ், அரைப் பேரிக்காய். அந்த அரையும் இவர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நின்றதற்காக.

இப்போது சாயங்கால வரிசை. முன்னால் நின்ற ஒல்லிப்பிச்சான் ஒருவனுக்கு இரண்டு கிலோ ஏறியிருந்தது. நாலே நாலு பழம்தான் தின்றேன் என்று புலம்பிக்கொண்டே காசை எடுத்தான்.

இன்ஸ்பெக்டரின் கண் தானாகக் கீழே போனது.

எடைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். இடுப்புக்கு மேலே முழு யோக்கியர். கீழே, அவருடைய வலது கால் பெருவிரல் தராசு மேடையின் ஓரத்தில் அலுங்காமல் உட்கார்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கையும் களவுமாக எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். காலும் களவுமாக ஒருவனைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை.

சத்தியமாவது ஒன்றாவது என்று வாயைத் திறக்கப் போனார். அதற்குள் மனைவி தராசில் ஏறிவிட்டாள்.

முள் ஆடி ஆடி, நாற்பத்துமூன்றில் நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்தாள்.

“என்னங்க... ரெண்டு கிலோ!”

சிரித்தாள். கன்னத்தில் அந்தப் பழைய குழி விழுந்தது. ஐந்து மாதமாக அவர் பார்க்காத குழி. நம்ப முடியாமல் அவள் கண்ணாடியைக் கழற்றி அழுத்தி அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து, இன்ஸ்பெக்டரின் பார்வை போன இடத்தை எடைக்காரர் கவனித்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். பெருவிரல் நைசாகப் பின்வாங்கியது.

முள் இறங்கியது. நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்றரை.

அவள் கண்ணாடியின் ஒரு பக்கத்தைத் துடைத்து முடித்து, மறுபக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றினார். காலை நீட்டி, பெருவிரலை மேடையின் ஓரத்தில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

தொழில் பழகாத கால். முள் ஒரே தாவாக நாற்பத்தாறுக்குப் போனது.

எடைக்காரர் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“ஜாஸ்தி அமுக்கறீங்க, சார். கொஞ்சம் விடுங்க.”

விட்டார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முள்ளை உற்றுப் பார்த்தாள். நாற்பத்துமூன்று. முள் அசையவில்லை. அவரும் அசையவில்லை, மூச்சுகூட விடவில்லை.

“பசிக்குதுங்க” என்றாள்.

சொல்லிவிட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு வெளியே பழக்கடை இருந்த பக்கமாக விறுவிறுவென்று நடந்தாள்.

அவருக்குக் காலை எடுக்க மனம் வரவில்லை. ஆள் இல்லாத தராசு இன்னும் இரண்டு கிலோ காட்டிக்கொண்டிருந்தது.