பொன்னாடைப் பட்டியல்

மாதா கோவில் திருவிழாவிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார் பெரியநாயகசாமி.

"நடவு, அறுப்பையெல்லாம் விட்டுட்டு முப்பது வருஷமா கோவிலுக்கு உழைக்கிறேன். சிங்கப்பூர்லேருந்து சீரியல் பல்பு அனுப்பின ஜெனித்துக்குப் பொன்னாடை. என்னை ஒருத்தரும் மேடைக்குக் கூப்பிடல."

மனைவி பாத்திமா மேரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பட்டியல் எழுதினது யாரு? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்."

அவர் தலையைச் சொறிந்தார்.

"நான்தான். நம்ம பேரை நாமளே எழுதினா மரியாதையா இருக்குமா? கூட்டத்துல மூணு தடவை படிச்சேன். உங்க பேரு எங்கன்னு யாராவது கேப்பாங்கன்னு பார்த்தேன். எல்லாரும் ரொம்ப சரின்னுட்டாங்க."

அவள் கறிக்குழம்பு ஊற்றிய தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடுங்க."

"வேண்டாம்" என்றார், இன்னொரு தடவை சொல்லுவாள் என்ற நம்பிக்கையில்.

"சரிங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.